38 வருஷ மௌனம்

1967-ஆம் வருஷம் மே மாதம் 12-ஆம் தேதி, டெராம் என்னும் முத்திரையோடு லண்டன் மாநகரில் வெளிவந்த ஒரு சிறிய இசைத்தட்டின் நடுவே ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தில், பாட்டின் பெயரோடு கூடப் பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் அச்சாகியிருந்தன: ப்ரூக்கர், ரீட். பாட்டின் பெயர் 'எ வைட்டர் ஷேட் ஆஃப் பேல்'. அதைப் பாடிய ராக் இசைக்குழுவின் பெயர் புரோகோல் ஹாரம். ஜூன் மாதத்தில் அது பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்து, ஆறு வாரங்கள் அங்கிருந்து இறங்க மறுத்தது. அந்தப் பாட்டைக் கேட்டவர்களைப் பல வருஷங்களுக்குப் பிறகு நிறுத்தி, அதில் எது நினைவிருக்கிறது என்று விசாரித்தால், பொருள் எளிதில் பிடிபடாத அந்தச் சாகித்தியத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள். தொடக்கத்தில் எட்டு பார் நீளத்துக்குத் தனியே ஒலித்து, சரணங்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப வந்து, பாடகரின் குரலுக்கு அடியிலும் ஓயாமல் இழைந்து போகிற அந்த ஹாம்மண்ட் ஆர்கனின் நாதத்தைத்தான் முணுமுணுத்துக் காட்டுவார்கள்.

அந்த ஆர்கனை வாசித்தவர் மாத்யூ ஃபிஷர். அவருடைய பெயர் அந்தக் காகிதத்தில் இல்லை. இல்லாத பெயருக்காக அவர் நியாயஸ்தலத்தின் படியேறியது 2005-ஆம் வருஷத்தில், அதாவது 38 வருஷங்கள் கழித்து. உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டையும் கடந்து, பிரபுக்கள் சபை வரைக்கும் சென்ற அந்த வழக்கு 2009 ஜூலை 30-ஆம் தேதி முடிவுற்றது. ராக் குழுக்களில் 'இந்தப் பாட்டு யாருடையது?' என்று எழும் சச்சரவுகளுக்குக் கணக்கில்லை. அவற்றுள் பெரும்பாலானவை ஒத்திகை அறைகளிலும் வக்கீல்களின் அலுவலகங்களிலும் புழுங்கிப் புழுங்கி, ஒப்பந்தம் என்ற பெயரில் வெளியே தெரியாமல் அடங்கிப் போகின்றன. இந்த வழக்கோ, சாட்சியம், தீர்ப்பு, மாறுபட்ட தீர்ப்பு, இறுதித் தீர்ப்பு என்ற சகல அங்கங்களோடும் பகிரங்கமாக நடந்தபடியால், இத்தகைய பூசல்களின் வேர் எங்கே இருக்கிறது என்று தோண்டிப் பார்ப்பதற்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது.

காகிதத்தில் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று கேட்பவர்கள், ஓர் இசைத்தட்டுக்குள் ஒன்றுக்கு இரண்டாகச் சொத்துகள் அடங்கியிருப்பதை அறியாதவர்கள். ஒன்று, பதிவான அந்த ஒலி. மற்றொன்று, அந்த ஒலியின் மூலமாக நம் காதில் விழும் பாட்டு, அதாவது மெட்டும் சாகித்தியமும். முதலாவதிலிருந்து வரும் ராயல்டி, வாசித்தவர்களுக்கும் பாடியவர்களுக்கும் அவரவர் ஒப்பந்தப்படி வந்து சேரும். அதுவும் பெரும்பாலும், ஸ்டூடியோ வாடகை முதலான செலவுகளை ரிக்கார்டு கம்பெனி கழித்துக்கொண்ட பிறகே வரும். இரண்டாவதிலிருந்து வருவதோ, இயற்றியவர்கள் என்று பதிவாகியிருப்பவர்களுக்கும் அவர்களுடைய இசைப் பிரசுர நிறுவனத்துக்கும் மட்டுமே உரியது. வேறொரு பாடகர் அதே பாட்டை வேறொரு தேசத்தில் பாடினாலும், வானொலியில் ஒலித்தாலும், சினிமாவிலோ விளம்பரத்திலோ சேர்த்துக்கொண்டாலும், அந்த ஊற்று வற்றுவதில்லை. ஆகவே ஒரே வேனில் ஏறி, ஒரே மலிவான ஓட்டலில் படுத்து, ஒரே மேடையில் வேர்வை சிந்தி வாசித்த நான்கு பேரில், பத்து வருஷம் கழித்து ஒருவர் மாளிகையிலும் மற்ற மூவர் வாடகை வீட்டிலும் வசிக்க நேர்வதற்கு, இசைத்தட்டின் நடுவிலுள்ள அந்தப் பொடி எழுத்துகளே காரணமாகின்றன. கூட்டுக் குடும்பத்தில் பாகப்பிரிவினை என்ற பேச்சு எழும் வரையில், பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று ஒருவரும் எடுத்துப் பார்ப்பதில்லை அல்லவா, அப்படித்தான் இதுவும்.

புரோகோல் ஹாரத்தின் பத்திரம் எழுதப்பட்ட தேதி நமக்குத் தெரியும். பியானோ வாசித்துப் பாடுபவரான கேரி ப்ரூக்கர், தம்முடைய பழைய குழுவாகிய பாரமவுண்ட்ஸ் கலைந்த பின்னர், கீத் ரீட் என்ற இளைஞர் எழுதிக் கொடுத்த வரிகளுக்கு மெட்டமைக்கத் தொடங்கியிருந்தார். 1967 மார்ச் 7-ஆம் தேதி அவ்விருவரும் இந்தப் பாட்டின் சொல், இசை இரண்டின் உரிமையையும் எஸெக்ஸ் மியூசிக் என்ற பிரசுர நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பாட்டு அப்போது இருந்தது. பியானோவோடு ப்ரூக்கர் பாடிய மாதிரிப் பதிவும் இருந்தது. ஆர்கன் மட்டும் இல்லை. கில்ட்ஹால் இசைப் பள்ளியில் பயின்றவரும், அப்போதுதான் 21 வயது நிரம்பியவருமான ஃபிஷர், குழுவில் சேர்ந்து ஒத்திகைகளில் உட்கார்ந்து, ப்ரூக்கரின் சுரக்கட்டுகளின் மேல் தமது வாத்தியத்துக்கென்று ஒரு தனி மெட்டைப் படிப்படியாக அமைத்தார். பிறகு லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பாட்டு பதிவாயிற்று. எவ்வளவு சுலபமாக ஒரு பெயர் விட்டுப்போகிறது, பாருங்கள்! ஒருவரும் யாரையும் ஏமாற்றத் திட்டமிடவில்லை. கையெழுத்து முன்னால் நிகழ்ந்தது, கற்பனை பின்னால் நிகழ்ந்தது, அவ்வளவே.

இதில் ஒரு ரசமான சிக்கலும் உண்டு. அந்த ஆர்கனின் சாயல், ஜெர்மானிய மகாவித்துவான் யோஹான் செபாஸ்டியன் பாக் அவர்களைச் சார்ந்தது என்பது ஓரளவு கேள்வி ஞானம் உள்ளவர்களுக்கும் விளங்கும். மூன்றாவது ஆர்க்கெஸ்ட்ரா தொகுப்பிலுள்ள அவருடைய புகழ்பெற்ற 'ஏர்' என்ற பகுதியின் ஞாபகம் வராமல் இந்தப் பாட்டைக் கேட்க முடியாது. தம்முடைய பியானோவில் படிப்படியாக இறங்கி வரும் அடிச்சுரங்களிலேயே பாக்கின் வாசனை இருந்தது, ஆர்கன்காரர் அதைத் தொடர்ந்து சென்றார் என்பது ப்ரூக்கரின் கட்சி. இறங்கும் சுரங்கள் யாருக்கும் பொதுச் சொத்து, அவற்றின் மேல் எழுந்த மெட்டு தம்முடையது என்பது ஃபிஷரின் கட்சி. 1750-இல் இறந்துபோன ஒரு மகானின் சொத்தைப் பற்றி இரண்டு ஆங்கிலேயர்கள் 21-ஆம் நூற்றாண்டில் நியாயம் கேட்டது, பாக் அவர்களுக்கே சிரிப்பை வரவழைத்திருக்கும்.

38 வருஷங்கள் ஃபிஷர் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்விதான் வழக்கின் உயிர்நாடியாக அமைந்தது. முற்றிலும் திறக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. தொடக்க நாட்களிலேயே பேச்சு எடுத்ததாகவும், அது ஒதுக்கித் தள்ளப்பட்டதாகவும் அவர் சாட்சியம் சொன்னார். அதற்கு மேல் வற்புறுத்தியிருந்தால் குழுவிலிருந்து விலக நேர்ந்திருக்கும் என்று அவர் அஞ்சியதை நீதிபதியும் ஏற்றுக்கொண்டார். உலகமெங்கும் தன் வாத்தியம் ஒலிக்கத் தொடங்கிய வேளையில், 21 வயதுப் பையன் ஒருவன் அந்த மேடையை விட்டு இறங்கி வழக்கு மன்றம் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவத்தை அறியாதவர்களின் எதிர்பார்ப்பு. 1969-இல் அவர் விலகினார். பின்னர் கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் படித்து, புரோகிராம் எழுதுவதையே ஜீவனமாகக் கொண்டார். 1991-இல் குழு மறுபடியும் கூடியபோது திரும்பி வந்து, பத்து வருஷங்களுக்கு மேல் ப்ரூக்கரோடு ஒரே மேடையில் அதே பாட்டை வாசித்தார். மறுபடி விலகிய பிறகே வழக்கு.

உயர் நீதிமன்றத்தில் அதை விசாரித்த நீதிபதி பிளாக்பர்ன், சட்டத்தோடு இசையையும் பல்கலைக்கழகத்தில் கற்றவர் என்பது ஃபிஷரின் பாக்கியம் என்றே கருதுகிறேன். நீதிமன்றத்துக்குள் கீபோர்டு ஒன்று கொண்டுவரப்பட்டது. எது ப்ரூக்கரின் பியானோவில் ஏற்கெனவே இருந்தது, எது ஆர்கனில் புதிதாகப் பிறந்தது என்பதை நீதிபதி சுரம் சுரமாகக் கேட்டார். 2006 டிசம்பர் 20-ஆம் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. ஆர்கனின் தொடக்க மெட்டு தனித்துவம் வாய்ந்தது, பாட்டின் வெற்றிக்கு முக்கியமான ஒரு காரணம், ஆகையால் பதிவான வடிவத்தில் அந்தப் பாட்டுக்கு ஃபிஷரும் ஒரு கர்த்தா என்று அது கூறியது. ஆனால் ப்ரூக்கரின் பங்கு அதைவிடப் பெரியது என்று கண்டு, ஃபிஷர் கேட்ட சரிபாதியைக் கொடாமல், இசையின் உரிமையில் 40 சதவீதத்தை வழங்கிற்று. சொல்லுக்குப் பாதி, இசைக்குப் பாதி என்ற வழக்கமான கணக்கின்படி பார்த்தால், மொத்தப் பாட்டில் அது 20 சதவீதம். அதுவும் வழக்குத் தொடுத்த 2005 மே மாதத்திலிருந்துதான். கடந்த காலத்துப் பணம் கடந்ததே.

ப்ரூக்கர் இதை ஏற்கவில்லை. இனிமேல் ஒரு குழு ஸ்டூடியோவுக்குள் நுழைந்து மனம்விட்டு வாசிக்க முடியாது, வாசித்தவர்களில் யாராவது ஒருவர் என்றைக்காவது ஒரு நாள் பங்கு கேட்டு வருவாரோ என்ற பூதம் தலைக்கு மேல் நிற்கும் என்ற கருத்தில் அவர் வருந்திப் பேசினார். 2008 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு விசித்திரமான சமரசத்தைக் கண்டுபிடித்தது. ஃபிஷர் கர்த்தாதான் என்பதை ஒப்புக்கொண்டு, இத்தனை வருஷம் சும்மா இருந்த காரணத்தால் அவருக்கு ராயல்டியில் ஒரு பென்னியும் இல்லை என்று மூவரில் இருவர் தீர்மானித்தார்கள். கௌரவம் உண்டு, பணம் இல்லை. மூன்றாமவர் அதற்கு உடன்படவில்லை.

பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகளும் 2009-இல் அந்தத் தீர்ப்பை ஏகமனதாகத் தள்ளினார்கள். தாமதத்தால் எதிராளிக்கு நஷ்டம் விளைந்திருந்தால் அல்லவா தாமதத்தைக் குற்றம் சொல்லலாம்? இங்கே ஃபிஷர் மௌனமாயிருந்த ஒவ்வொரு வருஷமும், அவருடைய பங்கையும் சேர்த்து ப்ரூக்கர் தரப்பும் பிரசுர நிறுவனமுமே அனுபவித்து வந்திருக்கிறார்கள். அவருடைய மௌனம் அவர்களுக்கு லாபமே தவிர நஷ்டமன்று. பதிப்புரிமையில் பங்குள்ளவன் இத்தனை வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்று சட்டத்தில் காலவரம்பும் இல்லை. அறுபதுகளை நேரில் கண்டவர்களில் தாமும் ஒருவர் என்று சொல்லிக்கொண்ட பரோனஸ் ஹேல், மறக்கவொண்ணாத அந்த ஆர்கன் பகுதியை இயற்றியவருக்கு உரிய அங்கீகாரம் கடைசியில் கிட்டியது பற்றித் தமது சந்தோஷத்தைத் தீர்ப்பிலேயே வெளியிட்டார். பிரபுக்கள் சபை நியாயஸ்தலமாக இயங்கிய காலத்தின் முடிவும் அதே நாள்தான். அக்டோபர் முதல் அதன் வேலையைப் புதிய உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஃபிஷர் வென்றது நியாயம் என்பதே என் அபிப்பிராயம். அதைச் சொல்லிவிட்டு, அந்த நியாயம் எவ்வளவு குறுகலான பாலத்தின் மேல் நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பிளாக்பர்னின் தீர்ப்புக்கு ஏழு வருஷங்களுக்கு முன்னால், 1999-இல், அதே லண்டனில் அதே உயர் நீதிமன்றத்தில், இதற்கு நேர்மாறான தீர்ப்பு ஒன்று வழங்கப்பட்டிருந்தது. ஸ்பாண்டாவ் பாலே என்ற குழுவின் பாடகர் டோனி ஹாட்லி, டிரம்ஸ் வாசித்த ஜான் கீபிள், சாக்ஸபோன் வாசித்த ஸ்டீவ் நார்மன் ஆகிய மூவரும், எல்லாப் பாட்டுகளுக்கும் தனியொரு கர்த்தாவாகப் பதிவாகியிருந்த கேரி கெம்ப்பின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். கெம்ப் தமது பிரசுர வருமானத்தில் பாதியைப் பல வருஷங்கள் குழுவின் கம்பெனிக்குக் கொடுத்து வந்தவர். எண்பதுகளின் பிற்பகுதியில் அதை நிறுத்திவிட்டார். கொடுத்தது வாய்மொழி ஒப்பந்தத்தினால் என்றார்கள் இவர்கள்; மனமுவந்து கொடுத்தேன், கடமையினால் அன்று என்றார் அவர். 1983-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த 'ட்ரூ' என்ற பாட்டை அறிந்தவர்கள், நடுவே பொங்கி வரும் நார்மனின் சாக்ஸபோனை நினைவு கூர்வார்கள். ஆயினும் நீதிபதி பார்க் அதைக் கர்த்திருத்துவமாக ஏற்கவில்லை. மெட்டு, சுரக்கட்டு, தாளப்போக்கு, சாகித்தியம் யாவும் கெம்ப்பின் மனத்தில் பூர்த்தியான பிறகே அவர் கிடாரோடு ஒத்திகைக்கு வந்து பாடிக் காட்டினார். மற்றவர்கள் செய்தது, எவ்வளவு திறமையாகச் செய்திருந்தாலும், வாசிப்பே தவிர இயற்றல் அன்று என்று அவர் முடிவு கட்டினார். மூவரும் தோற்றார்கள். 2009-இல், ஃபிஷர் வென்ற அதே வருஷத்தில், குழுவினர் ஐவரும் மறுபடியும் ஒரே மேடையில் ஏறினார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். ராக் குழுக்களின் பகைக்கும் ஆயுள் உண்டு, அது சில சமயம் கடனைக் காட்டிலும் குறைவு.

வாசிப்பு எங்கே முடிகிறது, இயற்றல் எங்கே தொடங்குகிறது? சட்டத்தின் கண்ணில் பாட்டு என்பது, மேஜையருகே உட்கார்ந்து ஒருவர் காகிதத்தில் எழுதி, அச்சிட்டு விற்கக்கூடிய சங்கதி. வீட்டு வீட்டுக்குப் பியானோவும் கடைக்குக் கடை இசைத்தாளும் இருந்த காலத்தில் உருவான எண்ணம் அது. ராக் பாட்டோ, நான்கைந்து பேர் ஓர் அறைக்குள் சேர்ந்து, ஒருவர் தட்ட மற்றொருவர் மீட்ட, பிசகியதும் பொருந்தியதுமாக, ஒலிப்பதிவு நாடாவின் மேலேயே பிறக்கும் வஸ்து. அதில் டிரம்ஸ்காரர் மாற்றிய தாளம் பாட்டின் ஆத்மாவையே மாற்றியிருக்கலாம். அதற்குப் பங்கு கிடையாது. வாயில் முணுமுணுக்கக்கூடிய மெட்டை எவர் வாசித்தாரோ அவருக்கு மட்டும் ஒரு வழி திறக்கிறது. ஆர்கன்காரர் ஜெயித்துச் சாக்ஸபோன்காரர் தோற்றதில் தற்செயல் கொஞ்சமும் இல்லை என்று யாராவது சாதித்தால், நான் அவரோடு வாதாட மாட்டேன், நம்பவும் மாட்டேன்.

நியாயஸ்தலமே ஏறாத சச்சரவுகளில் மனத்தை அதிகம் உறுத்துவது 'தி பேண்ட்' குழுவினருடையது. 1968-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டில் ராபி ராபர்ட்சனின் பெயரோடு ரிச்சர்ட் மானுவலின் பெயரும் பலமாகக் காணப்பட்டது. தட்டுகள் பெருகப் பெருக, ராபர்ட்சனின் பெயரே எங்கும் நிறைந்தது. கனடாக்காரரான அவர் எழுதிய பாட்டுகள் அமெரிக்கத் தென்னாட்டின் மண்ணையும் மனிதர்களையும் பற்றிப் பேசின. அந்த மண்ணோ, குழுவில் டிரம்ஸ் வாசித்துப் பாடிய லெவான் ஹெல்ம் பிறந்து வளர்ந்த ஆர்கன்ஸாவின் மண். உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற தெற்கத்தியக் குடியானவனின் குரலில் ராபர்ட்சன் ஒரு பாட்டை எழுதியபோது, அந்தப் பிரதேசத்தின் சரித்திரத்தையும் பூகோளத்தையும் தெரிந்துகொள்ளட்டும் என்று தாம் அவரை நூலகத்துக்கு அழைத்துச் சென்றதாக 1993-இல் வெளியான தமது சுயசரிதையில் ஹெல்ம் எழுதினார். தம்முடைய கதைகள், தம்முடைய மொழிநடை, தம்முடைய குரல், ஐவரும் கூடிச் செப்பனிட்ட இசை. ஆனால் ராயல்டி ஒருவருக்கு என்பது அவருடைய ஆற்றாமை. உட்கார்ந்து எழுதியவன் நான், எழுதும்படி மற்றவர்களையும் தூண்டியவன் நான், அவர்கள் எழுதவில்லை என்பது ராபர்ட்சனின் பதில். இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதிலுள்ள துயரம். நண்பன் திண்ணையில் உட்கார்ந்து சொன்ன கதைக்குப் பதிப்புரிமை அளிக்கும் சட்டம் எந்தத் தேசத்திலும் இல்லை. அப்படி ஒன்று இருந்தால், உலகத்து நாவலாசிரியர்களில் பாதிப் பேர் கடனாளிகளாக இருப்பார்கள். 1976 நவம்பரில் குழுவின் பிரியாவிடைக் கச்சேரி நடந்த பிறகு ஹெல்ம் அந்தத் தெற்கத்தியப் பாட்டைப் பாடுவதையே விட்டுவிட்டார். 2012-இல் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது, ராபர்ட்சன் ஆஸ்பத்திரிக்குச் சென்று அருகில் அமர்ந்திருந்துவிட்டு வந்தார்.

முன்ஜாக்கிரதையுள்ள குழுக்களும் உண்டு. ஆர்.ஈ.எம். குழுவின் நால்வரும் யார் எதை எழுதினாலும் நான்கு பெயரையும் சேர்த்தே போட்டார்கள். குவீன் குழுவினர் இந்த ஞானத்தை அடையக் கொஞ்சம் காலம் பிடித்தது. 1975-இல் 'பொஹீமியன் ராப்ஸடி' வெளிவந்தபோது, அந்தத் தட்டின் மறுபக்கத்தில் டிரம்ஸ்காரர் ரோஜர் டெய்லரின் கார்ப் பாட்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டு விற்க விற்க, முன்பக்கத்தை எழுதிய ஃப்ரெடி மெர்க்குரிக்கு எவ்வளவோ அவ்வளவே பின்பக்கத்தை எழுதியவருக்கும் சேர்ந்தது. மற்றவர்களின் வயிற்றெரிச்சலைக் கேட்க வேண்டியதில்லை. 1989-இல் வெளிவந்த 'தி மிராகிள்' தொகுப்பிலிருந்து எல்லாப் பாட்டும் குழுவின் பெயரிலேயே போகட்டும் என்று நால்வரும் தீர்மானித்தார்கள். இதற்கு எதிர்த்திசையில் நடந்தவர்கள் தி டோர்ஸ் குழுவினர். முதல் மூன்று தொகுப்புகளில் பெயரைப் பொதுவில் வைத்திருந்தவர்கள், 1969-இல் நான்காவதில் அவரவர் பெயரைத் தனித்தனியே போட்டுக்கொண்டார்கள். கிடார் வாசித்த ராபி கிரீகர் எழுதிய ஒரு பாட்டில் துப்பாக்கி எடுக்கச் சொல்லும் வரி இருந்ததைப் பாடகர் ஜிம் மோரிசன் விரும்பாமல், அதைத் தாம் எழுதியதாக உலகம் எண்ணிவிடக் கூடாது என்று பிடிவாதம் பிடித்ததே காரணம். பெயரைக் கேட்டுச் சண்டையிட்டவர்களின் நடுவே, பெயர் வேண்டாம் என்று சண்டையிட்டவரும் ஒருவர் இருந்தார்.

சட்டத்தைவிட நிலைமையே சில சமயம் பேசுகிறது. பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' தொகுப்புக்காக 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளேர் டோரி என்ற பாடகியை அழைத்து, சொற்களே இல்லாத ஓர் ஆலாபனையைப் பாடச் சொன்னார்கள். கூலி 30 பவுன். என்ன பாட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை. அவர் கற்பனையிலிருந்தே அது வந்தது. 30 வருஷங்களுக்குப் பிறகு அவர் வழக்குத் தொடுக்க, 2005-இல் விஷயம் சமாதானமாக முடிந்தது. அதன் பிறகு அச்சான பிரதிகளில் குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் ரைட்டின் பெயரோடு டோரியின் பெயரும் இருக்கிறது. தொகை எவ்வளவு என்பதை இரு தரப்பாரும் வெளியிடவில்லை.

இப்போதெல்லாம் பாட்டு பதிவாகும் அன்றைக்கே, சொல்லில் யாருக்கு எத்தனை சதவீதம், மெட்டில் யாருக்கு எத்தனை என்று ஒரு தாளில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடும் வழக்கம் பரவியிருக்கிறது. நல்ல வழக்கம்தான். ஆனால் அந்தத் தாள் யார் கையில் பேனாவைக் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். ஃபிஷருக்கு 1967-இல் அப்படியொரு தாள் நீட்டப்பட்டிருந்தால், அதில் 40 என்று எழுதும் தைரியம் அவருக்கு இருந்திருக்குமா என்று நான் சந்தேகப்படுகிறேன்.

பழைய கணக்குகள் இன்னும் முடிந்தபாடில்லை. தி போலீஸ் குழு 1983-இல் வெளியிட்ட 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டின் ஏக கர்த்தாவாகப் பதிவாகியிருப்பவர் குழுவின் பாடகர் ஸ்டிங். ஆனால் கேட்டவுடன் அதை அடையாளம் காட்டுவது, ஆண்டி சம்மர்ஸ் தமது கிடாரில் ஒரே தடவையில் மீட்டிப் பதிவு செய்த அந்த ஓடும் சுரவரிசை. 1997-இல் அமெரிக்க ராப் பாடகர் பஃப் டாடி அந்தக் கிடார் ஒலியையே எடுத்துத் தமது பாட்டுக்கு அஸ்திவாரமாக வைத்து உலகமெங்கும் விற்றபோது, இயற்றியவருக்கு உரிய பணம் ஸ்டிங்கிடமே போய்ச் சேர்ந்தது. 2025-இல் சம்மர்ஸும் டிரம்ஸ் வாசித்த ஸ்டூவர்ட் கோப்லண்டும், ராயல்டி விஷயமாக, லண்டன் உயர் நீதிமன்றத்தில் ஸ்டிங்கின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். சம்மர்ஸுக்கு அப்போது வயது 82.